பீஷியா மடிக்கணினியைத் திறந்த ஞாயிறு

பீஷியாவின் மடிக்கணினி மறுபடியும் உறைந்துபோனது. திரையில் இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய சூஜென், தொழிற்சாலை விடுதி அறையின் இரும்புக் கட்டில்மேல் ஏறி நின்று, துடைப்பத்தை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு, பாட வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பீஷியா காத்திருந்தாள். தேநீர் ஆறிப்போனது. சூஜென் வாயை மூடவில்லை.

"அது செத்துப்போச்சு, விட்டுடு," என்றான் தேஷெங். அவள் கணவன். சோபாவில் படுத்து, கைபேசியில் பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாகல. மூச்சு வாங்குது."

"ஊருல அம்பது பேர் இருக்காங்க. உன்னையா படம் பண்ணச் சொன்னாங்க?"

அது நியாயமான கேள்விதான். தைவானின் ஹூகோவ் ஊரில் பீஷியா வேலை பார்த்த ரேம் தொழிற்சாலையை இடிக்கப் போகிறார்கள். முதலாளிகள் பதினாறு வருடத்துக்கு முன்பே இயந்திரங்களைக் கழற்றிச் சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் கட்டடம்தான் புல் முளைத்து நின்றது. இடிப்பதற்குள் பழைய ஆட்கள் எல்லோரும் ஒருநாள் கூடிச் சாப்பிடுவது என்று கைபேசிக் குழுவில் முடிவாயிற்று. அந்தக் காலத்துப் புகைப்படங்களும், சூஜென்னின் அண்ணன் எடுத்த இரண்டு வீடியோ கேசட்டுகளும் சேர்த்து ஒரு படமாகப் போட வேண்டும் என்றார்கள். பீஷியா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்கிறவள். விடுமுறை அறிவிப்புகளைப் பூப்போட்டு அச்சடித்து ஒட்டுகிறவள். அதனால் அவளுக்குக் கம்ப்யூட்டர் முழுக்கத் தெரியும் என்று குழுவில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அவளும் மறுக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

தைனானில் படிக்கும் மகள் பெய்யூவைக் கூப்பிட்டாள். மடிக்கணினி அவளுடையதுதான். நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த வருடம் வாங்கிக் கொடுத்தது.

"அம்மா, அதுல ரேம் வெறும் நாலு ஜிபி. வீடியோ வேலையெல்லாம் தாங்காது."

"இன்னொரு நாலு போட்டா?"

"போடலாம். உள்ள ஒரு ஸ்லாட் காலியாத்தான் இருக்கு. கடையில குடு, போட்டுத் தருவாங்க. நீ தொடாதே."

"நான் ஏன் தொடக் கூடாது?"

"அம்மா, அது ரைஸ் குக்கர் இல்ல."

பீஷியாவுக்குச் சுருக்கென்றது. "ஏய், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஒரு நாளைக்கு எண்ணூறு ரேம் கையால போட்டு எடுத்தவடி நான். உனக்குச் சோறு போட்டதே அந்த வேலைதான்."

"சரி சரி. ஆனா நீ ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து பாத்திருக்கியா?"

ஏழு வருடம், ஒரு நாளைக்கு எண்ணூறு. ஆனால் அதெல்லாம் தொழிற்சாலையின் சோதனை மேசையில், திறந்து கிடக்கும் பலகைகளில். போட்டு, பச்சை விளக்கு எரிந்தால் எடுத்து வலது தட்டில், சிவப்பு எரிந்தால் இடது தட்டில். அந்த ரேம் பட்டைகள் பெட்டிகளில் அடைந்து எந்தெந்த நாட்டுக்கோ போயின. தன் வீட்டுக் கணினிக்குள் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

சனிக்கிழமை மருத்துவமனை முடிந்ததும் சின்ச்சு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கணினிக் கடைக்குப் போனாள். கடைக்காரனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மடிக்கணினியின் பின்பக்கத்தை அவள் எடுத்து வந்திருந்த புகைப்படத்தில் பார்த்து, கம்மி வோல்டேஜில் ஓடும் நாலு ஜிபி பட்டை ஒன்றை எடுத்து வைத்தான்.

"கொண்டுவாங்க ஆண்ட்டி, நானே போட்டுத் தரேன். பத்து நிமிஷம்."

"வேண்டாம் முதலாளி. நானே போட்டுக்கறேன்."

"தப்பாப் போட்டு ஒடைஞ்சா மாத்தித் தர மாட்டேன்."

பீஷியா அந்தப் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எவ்வளவு சின்னதாகிவிட்டது. அவள் காலத்துப் பட்டை உள்ளங்கையைவிட நீளமாக இருக்கும். இது சூயிங்கம் பொட்டலம் அளவு. அடியில் மட்டும் அதே வரிசை, பொன் முலாம் பூசிய சின்னச் சின்னக் கோடுகள். தொழிற்சாலையில் அதைத் தங்க விரல் என்பார்கள். 'உன் விரலால தங்க விரலைத் தொடாதே' என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கும். சம்பள நாளன்று மட்டும் சூஜென் அந்த அறிவிப்பின் முன்னால் மோதிரம் இல்லாத தன் வெறும் விரல்களை விரித்துக் காட்டி ஆடுவாள்.

"ஓரத்தைத்தான் பிடிக்கிறீங்க, பரவால்லயே," என்றான் கடைக்காரன்.

"எண்ணூறு," என்றாள் பீஷியா. அவனுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை மேசையைத் துடைத்து, துண்டு விரித்து, மடிக்கணினியைக் குப்புறப் போட்டாள். பேட்டரியைக் கழற்றினாள். குழாயைப் பிடித்து உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கினாள். தொழிற்சாலையில் இதற்காகவே மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டி, அதிலிருந்து சுருள் கம்பி மேசைக்குப் போகும். அவசரத்தில் மறந்து எழுந்தால் கன்றுக்குட்டி மாதிரி பின்னால் இழுக்கும். ஒரு நாளைக்கு நான்கு பேராவது இழுபட்டு உட்காருவார்கள். வரிசையே சிரிக்கும்.

ஒன்பது திருகுகள் வந்தன. மூடி வரவில்லை. தேஷெங் வந்து எட்டிப் பார்த்தான்.

"சுத்தியல் வேணுமா?"

"போய்யா அந்தப் பக்கம்."

பத்தாவது திருகு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதையும் எடுத்து, ரயில் பயண அட்டையை விளிம்பில் நுழைத்து நெம்பினாள். படபடவென்று கொக்கிகள் விட்டன. மூடி கையோடு வந்தது. உள்ளே ஆறு வருடத்துத் தூசி. மகளின் ஒரு நீளத் தலைமுடி விசிறியில் சுற்றிக் கிடந்தது. அதைச் சாமணத்தால் எடுத்தபோது பீஷியாவுக்குச் சிரிப்பு வந்தது. நடுவில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம். ஒன்றில் பழைய பட்டை படுத்திருந்தது. மற்றது காலி.

புதிய பட்டையை வெட்டுக்குறி பார்த்துப் பொருத்தி அழுத்தினாள். ஒரு பக்கம் 'டிக்' என்றது. மறுபக்கம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் படுத்துவிட்டது. பேட்டரியைப் போட்டுப் பொத்தானை அமுக்கினாள். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்துப் பார்த்தாள். ஓடியது. புதியதைப் போட்டாள். கறுப்பு. நான்கு தடவை செய்தாள். நான்கு தடவையும் ஒரே பக்கம்தான் டிக்கென்றது.

கொக்கி மாட்டுகிற சத்தத்தைக் காதால் கேட்டே பட்டை உட்கார்ந்ததா இல்லையா என்று சொல்கிற ஒருத்தி இருந்தாள். ஜின்மெய். ஏழாம் மேசை. பீஷியா எட்டாம் மேசை. "எட்டு, உன்னுது பாதிதான் ஏறியிருக்கு, எடுத்துப் போடு," என்பாள், தலையைத் திருப்பாமலே. அவள் பீஷியாவுக்கு ஐந்து வருடம் முன்னாலேயே தொழிற்சாலைக்கு வந்தவள். விடுதியில் ஒரே அறை. ஜின்மெய் கீழ்க் கட்டில், பீஷியா மேல் கட்டில். வாடைக்காற்று ஜன்னலைப் போட்டு உலுக்கும் மாதங்களில் இருவரும் கீழ்க் கட்டிலில் ஒரே போர்வைக்குள் கால் நீட்டி, கோப்பை நூடுல்ஸை இரண்டு குச்சிகளால் பங்கு போட்டுத் தின்பார்கள். ஜின்மெய் எப்போதும் முட்டையை இவள் பக்கம் தள்ளிவிடுவாள். "எனக்கு மஞ்சக்கரு பிடிக்காது," என்பாள். பிடிக்கும் என்று பீஷியாவுக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று குழுவில் பட்டியல் போட்டபோது அவள் பெயரை யாரும் எழுதவில்லை. 'ஜின்மெய்?' என்று ஒருத்தி கேட்டாள். பிறகு ஆளாளுக்கு வணக்கம் சொல்லும் பூனைப் படங்களைப் போட்டு அந்தக் கேள்வியை மேலே தள்ளிவிட்டார்கள். பீஷியாவும் ஒரு பூனை போட்டாள்.

தொண்ணூற்றொன்பதில் அந்தப் பெரிய பூகம்பம் வந்தது. சின்ச்சுவில் சிப் ஆலைகள் நின்றுபோக, உலகம் முழுக்க ரேம் விலை ஏறியது. தொழிற்சாலை வாசலில் காவலாளிகள் பைகளைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கையெழுத்து. அந்த அக்டோபரில் இன்னொரு அதிர்வு வந்த மறுநாள், ஏழாம் மேசையில் ஒரு தட்டு குறைந்தது. அன்று காலையில் ஜின்மெய் மூன்று தடவை கழிப்பறைக்குப் போயிருந்தாள். ஏன் போனாய் என்று மேற்பார்வையாளர் பெங் எல்லோர் முன்னாலும் கேட்டார். ஜின்மெய் வாய் திறக்கவில்லை. அவள் வயிற்றில் இரண்டரை மாதம். வாந்தி. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தெரிந்தால் விடுதியில் வைக்க மாட்டார்கள். அது தெரிந்தவள் பீஷியா ஒருத்திதான்.

"பக்கத்து மேசை, நீ எதாவது பாத்தியா?" என்று பெங் கேட்டார்.

"நான் கவனிக்கல," என்றாள் பீஷியா.

அன்று மாலை ஜின்மெய் தன் பெட்டியோடு வாசலைத் தாண்டினாள். பத்து நாள் கழித்து, பட்டைகளைச் சூட்டில் வைத்துச் சோதிக்கும் பெரிய அலமாரியைச் சுத்தம் செய்ய நகர்த்தியபோது, சுவருக்கும் அதற்கும் நடுவில் அந்தத் தட்டு செங்குத்தாகச் செருகி நின்றது. அதிர்வில் நழுவியிருக்கிறது. ஒரு பட்டைகூடக் குறையவில்லை. பெங் தட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார். ஜின்மெய்க்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று பீஷியா அன்றே நினைத்தாள். இந்த வாரம் வேலை அதிகம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அடுத்த மாதம் என்றாள். பிறகு தன் கல்யாணம் வந்தது, பெய்யூ வந்தாள். தாமதம் நீள நீள, போய் நிற்பதற்கு முகம் இல்லாமல் போனது.

கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பின்மூடி இல்லாத மடிக்கணினியைத் தலையணை உறைக்குள் போட்டாள். திருகுகளை ஒரு மருந்து டப்பாவில் போட்டாள். தலைக்கவசத்தை எடுத்தாள்.

"கடைக்கா?" என்றான் தேஷெங்.

"சின்பூவுக்கு."

"அங்க கம்ப்யூட்டர் கடை ஏது?"

"காலைச் சாப்பாட்டுக் கடை."

அவன் மறுபடி கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தான். இருபது வருடக் குடித்தனத்தில் எந்த முகத்தோடு இருக்கும்போது அவளிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வீடு இருக்கும் ஜூபெயிலிருந்து சின்பூவுக்கு ஸ்கூட்டரில் இருபத்தைந்து நிமிடம். காற்று எதிரே அடித்தது. ஆற்றோரம் மூங்கில் தட்டுகளில் சீமைப்பனிச்சைப் பழங்கள் ஆரஞ்சு நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தன. தலையணை உறையை இரண்டு கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஓட்டினாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டினாள். ஒவ்வொரு சிக்னலிலும் அதை அவிழ்த்தாள். கடை எங்கே என்று சூஜென் எப்போதோ சொன்னது நினைவில் இருந்தது. கோயிலுக்கு எதிரே, நீலத் தகரக் கூரை.

கடை மூடும் நேரம். ஒரே ஒரு கிழவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரும் எழுந்து போனார். அடுப்புமேல் இருந்த பெரிய இரும்புக்கல்லுக்குப் பின்னால் தலையைக் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே குரல் கொடுத்தாள்.

"முட்டைச் சுருள் தீந்துபோச்சு. முள்ளங்கிக் கேக்தான் இருக்கு."

பிறகு நிமிர்ந்தாள். கரண்டி நின்றது. முடி பாதி நரைத்திருந்தது. கன்னம் உப்பியிருந்தது. கண் மட்டும் அப்படியே.

"என்ன சாப்பிடுறீங்க?" என்றாள்.

அந்த 'றீங்க' பீஷியாவின் மேல் சூடாக விழுந்தது.

"ஜின்மெய், நான்தான்."

"தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு. என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டேன்."

"முள்ளங்கிக் கேக்."

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

பீஷியா மடியில் தலையணை உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கல்லில் எண்ணெய் சீறியது. ஓரம் மொறுமொறுவென்று சிவந்த இரண்டு துண்டுகள் வந்தன. மேலே பூண்டும் சோயாவும் ஊற்றியிருந்தது. மிளகாய் இல்லை; பீஷியா அந்தக் காலத்திலேயே மிளகாய் தொட மாட்டாள். மற்ற எல்லா மேசையிலும் மிளகாய்க் கிண்ணம் இருந்தது. இந்த மேசையிலிருந்ததை ஜின்மெய் கையோடு எடுத்துப் போனாள். எடுத்த பிறகுதான் தான் செய்தது தெரிந்த மாதிரி, கிண்ணத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தாள்.

"அது என்ன உறைக்குள்ள? பூனைக்குட்டியா?"

"லேப்டாப்."

"எனக்கெதுக்கு லேப்டாப்?"

"உனக்கில்ல. ரேம் போட்டேன். ஏற மாட்டேங்குது."

ஜின்மெய் துணியைக் கீழே வைத்தாள்.

"இருபது வருஷம் கழிச்சு வர்றே. ரேம் ஏறலன்னு."

"ஆமா."

"உனக்கு வெக்கமே இல்லடி."

"இல்ல," என்றாள் பீஷியா. அந்த 'டி' கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. முள்ளங்கிக் கேக்கை வாயில் திணித்துக்கொண்டாள். நாக்கு சுட்டது.

ஜின்மெய் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு இரண்டு தரம் கை கழுவினாள். துடைத்தாள். எஃகு மேசையின் காலை ஒருமுறை இறுக்கப் பிடித்து விட்டாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எப்படிப் போட்டே?"

"அழுத்தினேன்."

"எப்படி? காட்டு."

பீஷியா மடிக்கணினியை உறையிலிருந்து எடுத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, போட்டுக் காட்டினாள். ஜின்மெய் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, நீயெல்லாம் பின்னாடி வந்த கூட்டம் இல்ல? நேரா நின்னுகிட்டு மேலேருந்து குத்துவீங்க. நான் வந்தப்போ இருந்த ரேம் இப்படித்தான், சாய்ச்சு நுழைக்கணும். இங்க பாரு, தங்க விரல் பாதி வெளியில நிக்குது. உள்ள போகாம மேலேருந்து படுக்கவெச்சா எப்படி ஏறும்? இது என்ன கறை? வெரல் வெச்சியா?"

"ஓரத்தைத்தான் பிடிச்சேன்."

"நாலு தடவை போட்டு எடுத்திருப்பே. அப்போ வெச்சிருப்பே."

கல்லாவிலிருந்து ஒரு பென்சில் ரப்பரை எடுத்து வந்தாள். பொன் கோடுகளை ஒரே திசையில், மெதுவாக, இரண்டு பக்கமும் தேய்த்தாள். ஊதினாள். துடைத்தாள். பட்டையைச் சாய்வாகப் பிடித்து இடத்துக்குள் தள்ளினாள். தங்கம் முழுக்க மறைந்தது. பிறகு இரண்டு கட்டைவிரலாலும் படுக்கவைத்தாள்.

டிக், டிக்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

ஜின்மெய் கொக்கிகளை விலக்கிப் பட்டையை மறுபடி வெளியே எடுத்து, பீஷியாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே போடு. நாளைக்கு எதாவது காணோம்னா, கடைசியாத் தொட்டவ ஜின்மெய்னு சொல்லிடுவாங்க."

பீஷியாவின் கை அப்படியே நின்றது.

"அந்தத் தட்டு கிடைச்சிடுச்சு ஜின்மெய். சூட்டு அலமாரிக்குப் பின்னால விழுந்து கிடந்துச்சு. அதிர்வுல நழுவியிருக்கு."

"தெரியும்."

"எப்போ?"

"அந்த வருஷமே. குளிர்காலத்துல, கொழுக்கட்டை சாப்பிடற அன்னிக்கு சூஜென் வந்து சொல்லிட்டா."

இருபது வருடமாகத் தூக்கிச் சுமந்த சேதி இங்கே முன்பே வந்து பழசாகிக் கிடந்தது.

"நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே," என்றாள் ஜின்மெய். "தட்டு கிடைச்சா என்ன, கிடைக்காட்டி என்ன? நீ வருவேன்னு பாத்துட்டிருந்தேன். குழந்தை பொறந்தப்போ பாத்தேன். இந்தக் கடை தொறந்தப்போ பாத்தேன். அப்புறம் பாக்கல."

"நீதான் யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னே, அதான் வாய் தொறக்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய். எனக்குப் பயம். பக்கத்து மேசைன்னு என்னையும் தொரத்திடுவாங்களோன்னு பயம். அவ்வளவுதான்."

"அது அப்பவே தெரியும்டி. உன் மூஞ்சியப் பாத்தேனே."

ஜின்மெய் எழுந்து போய்க் கல்லைச் சுரண்டினாள். சுரண்டி முடித்த இடத்தையே திரும்பவும் சுரண்டினாள். பீஷியா அழுதாள். சத்தம் போடாமல், மூக்கு ஒழுக ஒழுக, கையில் பட்டையின் ஓரத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு.

"அது மேல ஒழுக்கிடாதே," என்றாள் ஜின்மெய் திரும்பாமலே. "மூக்கைத் தொடச்சிட்டுப் போடு."

பீஷியா முகத்தைத் துடைத்தாள். பட்டையைச் சாய்த்து, தங்கம் கண்ணுக்குத் தெரியாத வரை தள்ளி, படுக்கவைத்தாள். கல்லுக்குப் பக்கத்திலிருந்து ஜின்மெய், "ம், ரெண்டும் மாட்டிடுச்சு," என்றாள்.

பேட்டரியைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார்கள். கறுப்புத் திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வெளிச்சம் வந்தது. அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள் பீஷியா. எட்டு ஜிபி என்று எழுதியிருந்தது. தான் போட்ட ரேம் வேலை செய்வதை, பச்சை விளக்காக இல்லாமல் எழுத்தாகப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"எதுக்குடி இத்தனை ரேம் உனக்கு?"

பீஷியா படத்தை ஓடவிட்டாள். சூஜென் வாயை மூடி, திறந்து, பாடி முடித்து, கட்டிலிலிருந்து வழுக்கி விழுந்தாள். பின்னால் கதவைத் திறந்துகொண்டு, பிளாஸ்டிக் தொட்டியும் சோப்புமாக, சுருட்டைமுடியோடு ஜின்மெய் வந்தாள்.

"ஐயோ, என்னடி என் தலை! முட்டைகோஸ் மாதிரி!"

"ஹூகோவ் கடைத்தெருவுல போட்டுக்கிட்டது. ஒரு வார சாப்பாட்டுக் காசைக் கொடுத்தே."

"நீ வேண்டாம்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். நீ எங்க கேட்டே?"

தொட்டியோடு நின்ற இளம் ஜின்மெய் கேமராவைப் பார்த்துத் தண்ணீரைத் தெளித்தாள். படத்துக்குள் யாரோ கத்தினார்கள். அது பீஷியாவின் குரல். ஜின்மெய் கன்னத்தில் கைவைத்துப் பார்த்தாள். "மறுபடி போடு," என்றாள். போட்டாள். மடிக்கணினி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

மூடியை மாட்டி, பத்துத் திருகையும் இருவருமாக முடுக்கினார்கள்.

"அடுத்த ஞாயிறு வா," என்றாள் பீஷியா.

"வரமாட்டேன். அந்த வாசல்ல காவல்காரன் என் பையைத் தலைகீழாக் கொட்டினான். எல்லாரும் ஜன்னல்ல நின்னு பாத்தீங்க. அந்தக் கட்டடத்தை இடிக்கட்டும், எனக்கு ஒரு கல்லுகூட வேண்டாம்." ஷட்டரை இழுத்துக்கொண்டே சொன்னாள். "படத்தை மட்டும் அனுப்பு. எம் பொண்ணு பாக்கட்டும் என் முட்டைகோஸை. தைச்சுங்ல நர்சிங் படிக்கிறா."

அந்த வாரம் முழுக்க பீஷியா மாலையில் உட்கார்ந்து படத்தை முடித்தாள். மொத்தம் பதினெட்டு நிமிடம். கடைசியில் என்ன வைப்பது என்று சனிக்கிழமை வரை யோசித்தாள்.

ஹூகோவ் கடைத்தெரு உணவகத்தில் ஆறு வட்ட மேசை. ஐம்பத்திரண்டு பேர். சிரித்துச் சிரித்துத் தொண்டை கட்டிப்போனது. மணிக்கட்டுப் பட்டி இழுத்து உட்கார வைத்த படம் வந்தபோது மேசைகள் அதிர்ந்தன. சூஜென் விழுந்தபோது அவளே எழுந்து நின்று கும்பிட்டாள். ஜின்மெய் தொட்டியோடு வந்தபோது மட்டும் சத்தம் குறைந்தது. படம் முடிந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

'1999 அக்டோபரில் காணாமல் போன தட்டு பத்து நாளில் அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. ஏழாம் மேசை ஜின்மெய் அதை எடுக்கவில்லை. அவள் உடம்பு சரியில்லாமல்தான் எழுந்து போனாள். எட்டாம் மேசையில் இருந்த எனக்கு அது தெரியும். நான் சொல்லவில்லை. பீஷியா.'

குச்சிகள் கிண்ணத்தில் படும் சத்தம்கூட நின்றுபோனது. முதல் மேசையில் பெங் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிவிட்டது, கைத்தடி. அவர் எழுந்து, மேசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, பீஷியாவிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்து நின்றாள்.

"தட்டைக் கையில எடுத்தவன் நான்," என்றார். "அவ இப்போ எங்கம்மா இருக்கா?"

பீஷியா ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மருத்துவமனையில் சாப்பாட்டு நேரத்தில், பீஷியாவின் கைபேசி அடித்தது.

"கிழவன் வந்தான்," என்றாள் ஜின்மெய், எடுத்த எடுப்பில்.

"என்ன சொன்னாரு?"

"மொதல்ல ஒண்ணும் சொல்லல. ஏழு மணிக்கு வந்து உக்காந்தான். சோயாப் பால் குடிச்சான். இன்னொண்ணு குடிச்சான். கடையில கூட்டம் கலையற வரைக்கும் உக்காந்திருந்து மூணாவதும் குடிச்சான். மன்னிச்சுக்கோம்மான்னு வாயில வர்றதுக்குள்ள வயிறு பானையாயிடுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"நாலாவது வேணுமான்னு கேட்டேன்."

பீஷியா சிரித்துவிட்டாள். வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளி ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முறைத்தார். மறுமுனையில் ஜின்மெய் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு வழக்கமான குரலில், ஞாயிற்றுக்கிழமை வருவதென்றால் பதினொரு மணிக்குமேல் வா, அதற்கு முன்னால் வந்தால் பாத்திரம் கழுவ விடுவேன் என்று சொன்னாள்.

பீஷியா ஒன்பதரைக்கே போய்விட்டாள்.